காகிதக் கூழில் சிற்பம்

காகிதம் என்றதும் எழுதுவதற்கும் அச்சிடுவதற்கும் உரிய மெல்லிய தாளே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும், தாளாக மாறுமுன் கூழ் நிலையில் உள்ள காகிதத்தை அச்சில் அழுத்தி உலர்த்தினால், அது அவ்வச்சின் உருவத்தை நுட்பமாக ஏற்று நிற்கும். பசை ஏதும் சேர்க்காமலேயே அதற்கு இவ்வுறுதி எவ்வாறு கிட்டுகிறது?

தாவர நாரின் முதன்மையான கூறு செல்லுலோஸ் ஆகும். பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸே. வாழை, சணல் முதலிய நார்களில் லிக்னின் போன்ற பிற பொருள்களும் கலந்துள்ளமையால், அவற்றைக் காரக் கரைசலில் வேகவைத்து நன்கு அலசவேண்டும். லிக்னின் எஞ்சினால் காகிதம் நாளடைவில் மஞ்சளிக்கும். பின்னர் நாரை நீரில் இடிக்கும்போது, அதன் மேற்பரப்பு சிலும்பி நுண்ணிழைகள் வெளிப்படுகின்றன. நீர் வற்ற வற்ற இவை ஒன்றையொன்று நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகுகின்றன. அளவுக்கு மீறி இடித்த கூழ் உலரும்போது மிகவும் சுருங்கும். ஒரு புறம் விரைவாக உலர்ந்தாலோ உருவம் கோணிவிடும். எனவே பொறுமையே இக்கலையின் முதற் கருவி எனலாம்.

நம் நாட்டில் இம்முறையை உயர்ந்த கலையாக்கியவருள் சோமநாத் ஹோர் (1921–2006) குறிப்பிடத்தக்கவர். 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டு சித்திரித்த அவர், 1970-களில் சாந்திநிகேதனத்தில் ‘காயங்கள்’ என்னும் வரிசையைப் படைத்தார். களிமண் பலகையைக் கத்தியால் கீறி, அதிலிருந்து சிமெண்டு அச்சு எடுத்து, அதில் காகிதக் கூழை அழுத்தினார். மையும் வண்ணமும் ஏறக்குறைய இன்றி, வெண்மையின்மேல் வெண்மையாகவே வெளிப்பட்ட அத்தழும்புகள், மனித உடல் பட்ட துன்பத்தைக் காண்போர்க்கு உணர்த்துகின்றன.

அலிகாரில் பிறந்து கணிதம் பயின்ற ஸரீனா ஹாஷ்மி (1937–2020), நியூயார்க்கில் காகிதக் கூழை வார்த்துப் புடைப்புருவங்கள் செய்தார். இழந்த இல்லமே அவர் படைப்புகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் கருப்பொருள்.

நாரைப் பிணைக்கும் அதே ஹைட்ரஜன் பிணைப்பு, நீர் பட்டால் தளர்ந்துவிடும். ஆதலால் இச்சிற்பங்களை ஈரத்தினின்றும் கடும் வெயிலினின்றும் காத்தல் அவசியம். எனினும் இக்குறையிலேயே ஒரு நன்மையும் உண்டு: பழுதான உருவத்தை மறுபடியும் நீரில் கரைத்துக் கூழாக்கிப் புதிதாக வார்க்கலாம். குலை வெட்டியபின் எறியப்படும் வாழைத் தண்டின் மட்டையும், தையற்கடையில் கழிக்கப்படும் பருத்தித் துணித்துண்டும் இவ்வாறு கலைப்பொருளாக உயர்வு பெறக்கூடும்.