போட்டுப் பார்க்காதீர்கள்

கணினியின் மேல் டீயோ தண்ணீரோ கொட்டிவிட்டால் வீடுகளிலும் கடைகளிலும் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். துணியால் துடைப்பார்கள், அரை மணி நேரம் ஃபேன் காற்றில் விடுவார்கள், பிறகு "போட்டுப் பார்ப்போம்" என்று சுவிட்சைத் தட்டுவார்கள். பிழைத்திருக்க வேண்டிய பல சிபியுக்கள் கெட்டுப்போவது அந்தத் தட்டலில்தான். ஈரம் மட்டும் ஒரு மதர்போர்டை உடனே அழிப்பது அரிது. ஈரமாக இருக்கும்போது மின்சாரம் பாய்வதுதான் அழிக்கிறது. இது தெரிந்துவிட்டால் முதலில் எதைச் செய்வது, எதைக் கழுவுவது, எத்தனை நாள் பொறுப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே வந்துவிடும்.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை வெகு குறைவாகவே கடத்தும். அதில் கரைந்திருக்கும் உப்புகள்தான் கடத்துகின்றன. நம் ஊர் போர் தண்ணீரில் உப்புக்குப் பஞ்சமில்லை. டீயிலும் காப்பியிலும் பாலின் உப்புகளும் சர்க்கரையும் சேர்ந்திருக்கின்றன. கோலா பானங்களில் பாஸ்பாரிக் அமிலமே இருக்கிறது. மதர்போர்டில் 12, 5, 3.3 வோல்ட் அழுத்தமுள்ள செம்புத் தடங்கள் மிக நெருக்கமாக ஓடுகின்றன. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட்டே போதும் என்பதை நினைத்துப் பார்த்தால் ஒரு சொட்டு டீ அங்கே என்ன செய்யும் என்பது விளங்கும். நேர்மின் பக்கத்துச் செம்பு கரைந்து எதிர்மின் பக்கம் போய்ப் படிகிறது. அந்தப் படிவு வேர் விடுவதுபோல நேர்மின் பக்கத்தை நோக்கி வளர்கிறது. இரண்டும் தொட்டுக்கொண்டால் ஷார்ட். தொடாவிட்டாலும் தடம் அரித்து மெலிந்து, சில இடங்களில் அறுந்தே போகும். பழுதான போர்டுகளில் காணும் பச்சைப் பூச்சு இப்படிக் கரைந்த செம்பின் மிச்சம். இவை அனைத்தும் வேகமாக நடக்க மின் அழுத்தம் வேண்டும். அதை எடுத்துவிட்டால் அரிப்பு முற்றிலும் நிற்காவிட்டாலும் வெகுவாகத் தளர்ந்துவிடும். நமக்கு நேரம் கிடைக்கும்.

ஷட்-டவுன் செய்துவிட்டால் மின்சாரம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்பதில்லை. கணினி அணைந்திருக்கும்போதும் அதன் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ், மதர்போர்டுக்கு 5 வோல்ட்டை ஓர் ஊதா நிற ஒயர் வழியாக அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் கணினி விழித்துக்கொள்வது அதனால்தான். நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: யுபிஎஸ். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தாலும் யுபிஎஸ் தன் பேட்டரியிலிருந்து கணினிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே சுவர் சுவிட்ச், யுபிஎஸ் இரண்டையும் அணைத்துவிட்டு, காய்ந்த கையால் சிபியுவின் பின்புற பவர் கேபிளை உருவ வேண்டும். பிளக் பாயின்டோ யுபிஎஸ்ஸோ நனைந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். வீட்டின் மெயினை அணையுங்கள். கணினியை விட உயிர் பெரிது. இதன் பிறகும் ஒரு மின்மூலம் மிச்சமிருக்கும். மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரிதான் அது. அதன் அழுத்தம் 3 வோல்ட், மேலே சொன்ன 1.23-ஐ விட இரு மடங்குக்கும் அதிகம். அதையும் கழற்றினால்தான் போர்டில் மின்சாரம் இல்லை என்று சொல்லலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் திடீரென்று அணைத்தால் கோப்புகள் கெட்டுவிடாதா என்ற தயக்கம் நியாயமானது. சேமிக்காத வேலை போய்விடும், உண்மைதான். ஆனால் விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை, பாதியில் நின்றுபோன மாற்றங்களைக் குறிப்பேட்டில் பதிந்து வைத்து அடுத்த முறை சரிசெய்துகொள்ளும் விதத்தில் அமைந்தது. போகக்கூடியது ஒரு கடிதமோ ஒரு கணக்குத் தாளோ. முறையாக ஷட்-டவுன் ஆகட்டும் என்று காத்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் போகலாம். இரண்டில் எதை இழப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது கழுவுதல். நனைந்த போர்டை மறுபடி தண்ணீரில் நனைப்பதா என்று பலர் பதறுவார்கள். ஆனால் நீரில் கரையும் ஃபிளக்ஸைப் பயன்படுத்தும் தொழிற்சாலைகள், சால்டரிங் முடிந்ததும் போர்டுகளை அயனி நீக்கிய தண்ணீரால்தான் கழுவுகின்றன. மின்சாரம் இல்லாத போர்டுக்குத் தூய நீர் பகை அல்ல. காய்ந்த டீதான் பகை. தண்ணீர் ஆவியான பிறகும் சர்க்கரையும் உப்பும் அங்கேயே இருக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மழைக்காலத்தில் மறுபடி கடத்தத் தொடங்கும். எனவே டீ, காப்பி, குளிர்பானம் பட்ட இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் கழுவ வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடைகளில் விற்பதே போதும். பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மென்மையான பிரஷ் கொண்டு துடைக்க வேண்டும். அது தண்ணீரோடு கலந்து அதையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது. அடுப்பங்கரையில் வைத்துச் செய்யாதீர்கள். எஸ்எம்பிஎஸ், ஹார்டு டிஸ்க், மானிட்டர் ஆகியவற்றைக் கழுவக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவும் கூடாது, உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அதற்குள் திரவம் போயிருந்தால் புதிதாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

அரிசியில் புதைத்து வைப்பது பயனற்றது. அது போர்டின் சர்க்கரையை எடுக்காது, மாவையும் தூசியையும் சேர்க்கும்; ஐபோனை அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-ல் எச்சரித்தது. ஹேர் டிரையரும் வேண்டாம். அதன் சூடு பிளாஸ்டிக்கை வளைக்கும், காற்று ஈரத்தைச் சிப்புகளின் அடியில் தள்ளும். அப்படிச் சிப்பின் அடியிலும் ராம் ஸ்லாட்டிலும் பிராசசர் சாக்கெட்டிலும் ஒளிந்திருக்கும் ஈரம்தான் ஏமாற்றும். வெளியே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே இருக்கும். கார்டுகளைக் கழற்றி, போர்டைச் சாய்த்து வைத்து, மேசை ஃபேன் காற்றில் இரண்டு முழு நாளாவது விட வேண்டும், மழைக்காலமென்றால் இன்னும் கூடுதலாக.

காய்ந்த பிறகு எங்கே பழுது என்று தேடுவதற்கும் ஒரு வழி உண்டு. முதல் சந்தேகம் கீபோர்டின் மேல் விழ வேண்டும், ஏனென்றால் டீ பெரும்பாலும் கொட்டுவது அதில்தான். நனைந்த கீபோர்டில் ஒரு விசை அழுந்தியே இருப்பதுபோல சமிக்ஞை போய்க்கொண்டிருந்தால், கணினி பீப் ஒலி எழுப்பும், பயாஸ் திரையில் போய் நிற்கும். மதர்போர்டே போய்விட்டது என்று முடிவு கட்டுமுன் வேறு கீபோர்டை மாட்டிப் பார்த்தாலே பாதிக் கவலை தீரலாம். சிபியுவின் மேல்புறத் துளைகள் வழியாகத் திரவம் இறங்கியிருந்தால், கறையின் பாதையைக் கண்ணால் பின்தொடருங்கள். படுத்த வாக்கில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் அதை ஏந்திக்கொண்டிருக்கும். முதல் சோதனைக்கு மதர்போர்டு, பிராசசர், ஒரே ஒரு ராம், நல்ல நிலையில் உள்ள எஸ்எம்பிஎஸ், இவை மட்டும். டிஸ்க்கும் கார்டும் வேண்டாம், படம் போர்டின் சொந்த வெளியீட்டில் வரட்டும். பிராசசரிலேயே கிராபிக்ஸ் இல்லாத கணினிக்கு மட்டும் கார்டு தேவைப்படும். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் தற்காப்பாக அணைந்துகொள்கிறது என்று பொருள். மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். ஃபேன் சுற்றியும் படம் வராவிட்டால் ராமின் தொடர்புகளைப் பாருங்கள். எழுந்துவிட்டால் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். எதைச் சேர்த்ததும் படுத்ததோ அதில்தான் பழுது. பாகம் பாகமாகப் பிரிக்க முடிவதே மேசைக் கணினியின் பெரிய வசதி. மடிக்கணினியில் கீபோர்டுக்கு அடியிலேயே மதர்போர்டு இருப்பதால் அங்கே இத்தனை சலுகை இல்லை.

"எங்கள் கணினி அப்படியே ஓடியதே, ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்கள் உண்டு. ஓடியிருக்கும். திரவம் முக்கியமான இடத்தில் விழாமல் போனால் ஓடும். ஆனால் அரிப்பு அன்றே தன்னைக் காட்டுவதில்லை. இரண்டு வாரம் கழித்து யுஎஸ்பி போர்ட் சாவதும், மூன்று மாதம் கழித்துக் காரணமில்லாமல் கணினி அணைவதும் அந்த டீயின் வேலையாக இருக்கலாம். யாரும் அன்றைய நாளோடு அதை முடிச்சுப் போடுவதில்லை. ஆகவே ஓடும் கணினியையும் ஒரு முறை திறந்து பார்ப்பதில் தவறில்லை.

எல்லாவற்றையும் விட மதிப்புள்ளது டிஸ்க்கில் இருக்கும் தகவல். எஸ்எஸ்டி நனையாமல் இருந்தால் வேறொரு கணினியில் மாட்டி முதலில் நகல் எடுத்துவிடுங்கள். 2015-லும் 2023-லும் சென்னையில் வந்ததுபோன்ற வெள்ளத்தில் மூழ்கிய ஹார்டு டிஸ்க் என்றால், அதற்கு மின்சாரமே கொடுக்கக் கூடாது. பல டிஸ்க்குகளில் காற்றுக்காக ஒரு நுண்துளை உண்டு, அதன் வழியாகச் சேறு உள்ளே போயிருக்கும். காயவிட்டால் அது தட்டில் ஒட்டிவிடும் என்பதால் தகவல் மீட்பு நிபுணர்கள் ஈரத்தோடேயே கொண்டுவரச் சொல்கிறார்கள். சாதாரண டீ விபத்துக்குப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனாலும் வாசலிலேயே இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: என்ன கொட்டியது என்பதையும், போர்டைக் கழுவிக் காயவைக்கும் வரை பவர் கொடுக்க வேண்டாம் என்பதையும்.