பில் கம்ப்யூட்டரில் பழைய நம்பரை அழிக்கலாமா?

மாசி மகா சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு, தேவதானப்பட்டியில் எங்கள் மளிகைக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் நின்றுபோனது. மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் திருவிழாவுக்கு வெளியூர் ஜனங்கள் வந்து இறங்கும் சமயம். நெய், பச்சரிசி, வெல்லம், சூடம் என்று கேட்டு ஆட்கள் நிற்கிறார்கள். திரையிலோ 'எம்.எஸ்.வி.சி.ஆர். 100 டி.எல்.எல். இல்லை' என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. இரவு கடை கட்டும்வரை துண்டுச் சீட்டில் எழுதியே வியாபாரம் செய்தோம். மறுநாள் அவற்றைக் கணக்கில் ஏற்றும்போது இரண்டு கடன் சீட்டுகள் அகப்படவே இல்லை. அந்தப் பணம் போனது போனதுதான்.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது என்று அன்று காலை ஒரு தம்பியை வரவழைத்தோம். அவர் உள்ளே பார்த்துவிட்டு, "விஷுவல் சி பிளஸ் பிளஸ்னு ஒரே பேர்ல 2008, 2010, 2013, 2022ன்னு கிடக்கு அண்ணாச்சி. புதுசுதான் இருக்கே, பழசைத் தூக்கிடவா?" என்று கேட்டார். நாங்களும் "தூக்கிடுப்பா" என்றோம். பழைய ஸ்டாக்கைக் கழிப்பதென்றால் வியாபாரிக்குச் சந்தோஷம்தானே! ஆகவே அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

நம் பில் புரோகிராமை எழுதியவர் எல்லாவற்றையும் தாமே எழுதிவிடுவதில்லை. கோப்பைத் திறப்பது, எழுத்துகளைக் கையாள்வது, கூட்டல் கழித்தல் செய்வது போன்ற பொது வேலைகளுக்கு வேறொருவர் எழுதி வைத்த தொகுப்பை உபயோகித்துக்கொள்கிறார். இதை லைப்ரரி என்கிறார்கள். நூலகம் என்று சொன்னால் புத்தகம்தான் ஞாபகம் வரும். நமக்கு எடைமேடை என்று வைத்துக்கொண்டால் விளங்கும். ஊருக்கு ஒரு எடைமேடை இருந்தால் பத்து மண்டிக்காரர்கள் அதில் எடை போட்டுக்கொள்கிறார்கள். ஆளுக்கொன்று கட்டுவதில்லை. கம்ப்யூட்டரிலும் ஒரே லைப்ரரியைப் பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்கின்றன.

எடைமேடைக்காரர் ஏதாவது மாற்றினால் பத்துப் பேருக்கும் பாதிப்பு உண்டு. ஆனால் எல்லா மாற்றமும் ஒன்றல்ல. ஐந்து கிலோ தப்பாகக் காட்டியதைச் சரிசெய்தால் நம் கணக்கு முறையில் எதையும் மாற்ற வேண்டாம். சீட்டின் அடியில் லாரி நம்பரையும் சேர்த்து அச்சடித்தால், வேண்டியவர் பார்த்துக்கொள்ளலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம். கிலோவில் தந்த எடையை ஒருநாள் திடீரென்று டன்னில் தர ஆரம்பித்தால்? பத்து மண்டியிலும் பேரேடு குழம்பும்.

லைப்ரரிக்குப் போடும் பதிப்பு எண்ணில் இந்த மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. 2.4.1 என்றால் கடைசி எண் பிழை திருத்தம், நடு எண் புதிய வசதி, முதல் எண் பழைய ஒப்பந்தத்தையே மாற்றியது. அமெரிக்கரான டாம் பிரஸ்டன்-வெர்னர் இந்த வழக்கத்தை விதிகளாக எழுதி வைத்தார். 2013-ல் வந்த அந்த விதிகளின் பதிப்பு எண்ணே 2.0.0 என்பதுதான்! முதல் எண் பூஜ்யமாக இருந்தால் இன்னும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அட்வான்ஸ் கொடுக்காமல் பேசி வைத்த சரக்கு மாதிரி.

இனி எங்கள் கதைக்கு வருவோம். 2010 என்று பெயரில் இருந்த தொகுப்பின் உண்மையான எண் 10. 2013-க்கு எண் 12. (இடையில் 13-ஐக் காணோம், நேரே 14-க்குத் தாவிவிட்டார்கள்.) 2015, 2017, 2019, 2022 ஆகிய நான்குக்கும் முதல் எண் 14-தான்; நடு எண் மட்டும் ஏறியிருக்கிறது. ஆகவே 2015-ஐ நம்பி எழுதிய புரோகிராமுக்கு 2022 போதும். அந்தத் தம்பி சொன்னது அந்த அளவுக்குச் சரிதான். ஆனால் எங்கள் பில் புரோகிராம் 10-ஐ நம்பியது. 14 அதற்கு வேறு கடை. காணவில்லை என்று திரையில் வந்த பெயரிலேயே 100 என்று இருந்தது, 10.0 என்பதைப் புள்ளியில்லாமல் எழுதியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு திருவிழா வியாபாரம் செலவாயிற்று.

முதல் எண் வேறானவை ஒன்றையொன்று தள்ளிவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. அதே பட்டியலில் ஒரே வருடம் இரண்டு தடவை தெரிந்தாலும் திகைக்க வேண்டாம். ஒன்று 32 பிட், மற்றொன்று 64 பிட். இரண்டும் வேண்டும்.

டாட் நெட் ஃபிரேம்வொர்க் விஷயமும் இப்படித்தான். கம்ப்யூட்டரில் 4.8 இருக்கும்போதே சில பழைய புரோகிராம்கள் 3.5 வேண்டும் என்று கேட்கும். எட்டணா கேட்டவனுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் ஆகாதா என்று நமக்குத் தோன்றும். ஆகாது. 4.0-க்கு எழுதியது 4.8-ல் ஓடும், 3.5-க்கு எழுதியதற்கு 3.5-ஐத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

நம்மைப் போன்றவர்கள் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. புள்ளியைக் கண்டால் நமக்கு ரூபாய் பைசா ஞாபகம்தான் வரும். பதிப்பு எண்ணில் 3.10 என்பது மூன்று ரூபாய் பத்துக் காசு அல்ல. 3.9-க்கு அடுத்து வருவது 3.10. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் 2021 அக்டோபரில் இப்படித்தான் 3.10 வந்தது. பெரியது எது என்று பார்க்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில் உள்ளதைத் தனி எண்ணாகவே படிக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால், எதையுமே புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற லைப்ரரி, இணையத்தில் நாம் அனுப்பும் பாஸ்வேர்டு முதலியவற்றைப் பூட்டி அனுப்புவது. 2014 ஏப்ரலில் அதில் ஓர் ஓட்டை இருப்பது வெளியாயிற்று. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை ஓட்டை; 1.0.1ஜி-யில் அடைத்தார்கள். மாறியது கடைசியில் ஓர் எழுத்துதான். அதைச் சின்னது என்று விட்டவர்களுக்குத்தான் ஆபத்து. கடைசி எண் ஏறினால் தாமதிக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். முதல் எண் ஏறினால் விற்றவரைக் கேளுங்கள்: நம் தராசும் பிரிண்டரும் இதோடு பேசுமா, பழையதையும் விட்டு வைக்கலாமா என்று. அவர் 'எல்லாம் சரியாக இருக்கும்' என்றால் மட்டும் போதாது. வாக்குக் கொடுப்பவர் மனிதர். கடைசி எண்ணை மட்டும் ஏற்றிவிட்டு உள்ளே ஒப்பந்தத்தை மாற்றிவிட்ட கதைகளும் உண்டு.

எதைச் செய்வதானாலும் முதலில் டேட்டாவைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். புதிய பதிப்புக்கு மாற்றிய கணக்கைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது. திருவிழா வாரத்திலும் மார்ச் கடைசியிலும் கை வைக்கவே வேண்டாம்.

எங்கள் கம்ப்யூட்டரில் 2010 தொகுப்பை மறுபடி போடப் பத்து நிமிஷம் ஆனது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே முழுத் தொகுப்பையும் இறக்கிப் போட்டோம். காணாமல் போன கோப்பை மட்டும் இலவசமாகத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் தளங்கள் நிறைய உண்டு. அவற்றில் வைரஸ் கலந்திருக்கலாம். இப்போது எங்கள் பில் புரோகிராமுக்கு என்னென்ன, எந்த எண்ணில் வேண்டும் என்று விற்றவரிடம் எழுதி வாங்கிக் கல்லாப்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.