அந்தி சாயும் நேரம்... பனை ஓலைக்குள் ஒளியும் உழவாரன்கள்! காணை பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள்

விழுப்புரத்தை அடுத்த காணை. சூரியன் இறங்கும் நேரம். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் வீடு திரும்புகின்றன. டியூஷன் முடிந்த பிள்ளைகள் சைக்கிளை மிதிக்கிறார்கள். டீக்கடையில் பால் கொதிக்கிறது. வயல் வரப்பில் நிற்கும் பனை மரங்களை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை.

அந்தப் பனைகளின் உச்சியில் இந்த நேரத்தில் ஒரு காட்சி அரங்கேறிக்கொண்டிருக்கும். மெலிந்த, பழுப்பு நிறக் குருவிகள் சில மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். மெல்லிய, கீச்சென்ற குரல் கேட்கும். வட்டம் மெல்ல மெல்லச் சுருங்கும். திடீரென ஒன்று ஓலைக்கு அடியில் பாயும். வெளியே வராது. அடுத்து இன்னொன்று. இருட்டு கவிவதற்குள் வானம் காலியாகிவிடும்.

இதன் பெயர் பனை உழவாரன்.

யார் இந்த உழவாரன்?

அப்பர் சுவாமிகளின் கையில் இருக்கும் உழவாரப் படையை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் கருவி. விரிந்த இறக்கையோடு வானில் வளைந்து போகும் இந்தப் பறவையைப் பார்த்தால் அந்தக் கருவிதான் நினைவுக்கு வரும். அப்பர் பிறந்த திருவாமூரும் இங்கிருந்து தொலைவில் இல்லை, பண்ருட்டிப் பக்கம்தான்.

பனை உழவாரனின் நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். சிட்டுக்குருவி அளவைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் இறக்கை நீளமானது, வால் பிளவுபட்டது. கொசு, ஈசல், சிறு வண்டு என்று பறக்கும் பூச்சிகளைப் பறந்தபடியே பிடித்துத் தின்னும். பகல் பொழுதின் பெரும்பகுதி காற்றில்தான் கழியும்.

காரணம் அதன் கால்கள். மிகவும் குட்டையானவை. மற்ற குருவிகளைப்போல கிளையில் உட்காரவோ தரையில் தத்தித் தத்தி நடக்கவோ அவற்றால் முடியாது. கொக்கி போன்ற நகங்களால் செங்குத்தான பரப்பைப் பற்றித் தொங்க மட்டுமே முடியும். உழவாரன் வகை ஒன்றுக்கு விஞ்ஞானிகள் வைத்த 'ஏபஸ்' என்ற பெயருக்கே 'கால் இல்லாதது' என்றுதான் பொருள். ஐரோப்பாவில் வாழும் அந்த இன உழவாரன், கூடு கட்டும் காலம் தவிர்த்து ஆண்டில் பத்து மாதங்கள் வரை வானிலேயே இருக்கக்கூடியது என்பதை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்து சொன்னார்கள்.

நம்ம ஊர் பனை உழவாரன் அவ்வளவு தூரம் போவதில்லை. பொழுது சாய்ந்தால் அதற்குப் பனை வேண்டும்.

எச்சில்தான் பசை

பனை மரத்தில் பச்சை ஓலைகளுக்குக் கீழே பழுத்துக் காய்ந்து தொங்கும் ஓலையைக் காவோலை என்பார்கள். விசிறி மடிப்பு மடிப்பாகத் தொங்கும் ஓலையின் உட்புறம்தான் இந்தப் பறவையின் படுக்கையறை, பிரசவ அறை எல்லாம்.

காற்றில் மிதந்து வரும் இறகு, இலவம் பஞ்சு போன்றவற்றைப் பறந்தபடியே சேகரிக்கும். அவற்றைத் தன் எச்சிலைப் பசையாக்கி ஓலையின் மடிப்பில் ஒட்டும். உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ்சிறு கிண்ணம்தான் கூடு. அதில் இரண்டு அல்லது மூன்று முட்டைகள். ஓலை காற்றில் எப்படி ஆடினாலும் கூடும் சேர்ந்தே ஆடும். அந்தமான் குகைகளில் எச்சிலாலேயே கூடு கட்டும் பறவை ஒன்று உண்டு. அதன் கூட்டைத்தான் சீனர்கள் சூப் வைக்கிறார்கள். அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வடகிழக்கு இந்தியாவில் பனையோலை வேய்ந்த குடிசைக் கூரையிலும் பனை உழவாரன் கூடு கட்டியது பதிவாகியிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அதன் முதல் தேர்வு பனைதான். பனை நின்றால் பறவை நிற்கும்.

அமெரிக்காவின் புகைபோக்கிக் கூட்டம்

இதன் அமெரிக்க உறவுக்காரர் புகைபோக்கி உழவாரன். ஒரு காலத்தில் காட்டில் பொந்து விழுந்த பெரிய மரங்களில் தங்கியது. குடியேறிகள் காட்டை அழித்தார்கள், மரங்கள் போயின. பறவை அவர்கள் கட்டிய வீடுகளின் புகைபோக்கிக்குள்ளேயே குடிபுகுந்தது. இன்று பழைய புகைபோக்கிகள் இடிக்கப்படுகின்றன, மூடப்படுகின்றன. இந்தப் பறவையை 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 'அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடியது' என்ற பட்டியலில் சேர்த்தது.

அங்கே மனிதர்களும் சும்மா இருக்கவில்லை. போர்ட்லாண்டு நகரின் சாப்மன் பள்ளிப் புகைபோக்கியில் ஒவ்வொரு செப்டம்பரிலும் இதே குடும்பத்தின் இன்னொரு வகை உழவாரன்கள் ஆயிரக்கணக்கில் வந்து அடையும். நெருப்பு மூட்டினால் பறவைகள் செத்துவிடுமே என்று, அவை கிளம்பும்வரை பள்ளியின் கொதிகலனைப் பற்றவைக்காமலேயே விட்டார்கள். பிள்ளைகள் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படித்தார்கள். பிறகு வேறு வெப்பமூட்டும் வசதி வந்தது. புகைபோக்கி பறவைகளுக்கே என்று ஆனது. அந்த மாலைக் காட்சியைப் பார்க்க இன்றும் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்காருகிறார்கள்.

காணையில் அதற்கு டிக்கெட்டும் வேண்டாம், பாயும் வேண்டாம். பனை மட்டும் மிஞ்ச வேண்டும்.

பனங்காடு என்றே பெயர் வாங்கிய மண்

விழுப்புரம் மாவட்டத்துக்கும் பனைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1,300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் இருப்பது பனைமலையில். 'தாளம்' என்றால் பனை. விக்கிரவாண்டி அருகே பனையபுரத்தில் இருக்கும் தேவாரத் தலத்தின் பழம்பெயர் திருப்புறவார் பனங்காட்டூர். புறாவுக்காகத் தன் சதையை அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையோடு அந்தத் தலத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். தல மரம் பனை. பறவையும் பனையும் சேர்ந்து ஊர்ப் பெயராகவே நிற்கிறது.

பனை, தமிழ்நாட்டின் மாநில மரமும்கூட. ஆனால் செங்கல் சூளைக்கும் சாலை விரிவாக்கத்துக்கும் வீட்டு மனைக்கும் அதிகம் பலியாவதும் அதுதான். 1987 முதல் கள்ளுக்குத் தடை. பதநீர், நுங்கு, கருப்பட்டி மட்டும் நம்பி மரம் ஏறுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஏற ஆள் இல்லாத மரம், நிலத்துக்காரருக்கு வெறும் விறகு.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தொடர்ந்து ஏறும் மரத்தில் பனையேறி காவோலையைக் கழித்துவிடுவார். ஏறாத மரத்தில் காவோலை பாவாடைபோலச் சுற்றித் தொங்கும், உழவாரனுக்கு அது மாளிகை. ஆனால் ஏறாத மரத்துக்குத்தான் முதலில் கோடாரி விழும். யாருக்கும் வேண்டாத ஓலையில் வாழும் பறவையைக் காப்பாற்றுவது, மரம் வேண்டும் என்று நினைக்கும் ஒரு மனிதர்தான்.

2021 வேளாண் பட்ஜெட்டில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது தமிழ்நாடு அரசு. 30 மாவட்டங்களில் 76 லட்சம் விதைகள் வழங்கப்படும் என்றும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. நல்ல செய்திதான். ஆனால் இன்று ஊன்றிய விதை மரமாகிக் காய்க்கவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை உழவாரன் எங்கே தூங்கும்? ஏற்கெனவே நிற்கும் மரத்தில்தான்.

நீங்களும் பார்க்கலாம்!

* சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே நாலைந்து பனைகள் சேர்ந்து நிற்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, மேற்கு வானம் பின்னணியில் தெரியும்படி நின்றால் பறவையின் உருவம் தெளிவாகத் தெரியும்.

* கரண்ட் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது உழவாரன் இல்லை. குளிர்காலத்தில் வந்துபோகும் தகைவிலானாக இருக்கலாம். உழவாரன் கம்பியில் உட்காராது.

* இடுப்புக்கு மேலே பளிச்சென்று வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது நாட்டு உழவாரன். கோயில் மண்டபம், பாலத்தின் அடிப்பகுதி போன்ற இடங்களில் கூட்டமாகக் கூடு கட்டுவது அது.

* டார்ச் அடிக்காதீர்கள், மரத்தைத் தட்டாதீர்கள், பட்டாசு வேண்டவே வேண்டாம். காவோலைக்குத் தீ வைப்பது கூட்டோடு குஞ்சுகளையும் கொளுத்துவதற்குச் சமம்.

* உங்கள் நிலத்தில் பனை இருந்தால், காவோலை கழிக்கும் முன் கீழே நின்று ஒரு மாலை மட்டும் கவனியுங்கள். பறவை உள்ளே போய் வந்தால், சில வாரங்கள் பொறுத்துக் கழிக்கலாம்.

ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் எந்த வரப்பில் எத்தனை பனை நின்றது என்று விரல்விட்டுச் சொல்வார்கள். அந்தக் கணக்கை வீட்டுப் பிள்ளைகளோடு போய் ஒருமுறை சரிபாருங்கள். எத்தனை மிச்சம் என்று எண்ணி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்போது அண்ணாந்து பாருங்கள். வீடு திரும்புகிறவர்கள் வந்துகொண்டிருப்பார்கள்.