ஜப்பானைப் படிக்க நமக்கு ஓர் இருக்கை வேண்டும்

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் பழைய மாணவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள என் இல்லத்துக்கு வந்தார். செவிலியர் படிப்பை முடித்திருந்த அந்தப் பெண்ணுக்கு ஜப்பானில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை உறுதியாகியிருந்தது. மாத ஊதியம் 2 லட்சம் யென். ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டி, 'சார், ஒரு வாரத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்னு ஏஜென்ட் சொல்றார். நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க' என்றார் மாணவர்.

அந்தப் பெண் கேட்ட கேள்விகள் எளியவை. பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்? ஓய்வூதியத்துக்குப் பிடிப்பதைத் திரும்பத் தருவார்களா? அங்கே ஒத்துவராவிட்டால் வேறு இல்லத்துக்கு மாற முடியுமா?

முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். முனைவர் பட்டமும் பெற்றவன். முதுகலை வகுப்பில் பொருளாதார வரலாற்றுத் தாளில் ஜப்பான் ஓர் அலகாக இருந்தது. 1868-இல் மெய்ஜி ஆட்சி, 1873-இல் நிலவரிச் சீர்திருத்தம், பிறகு பட்டு ஏற்றுமதி என்று வரிசையாக ஒப்பிப்பேன். பின்னாளில் பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது அந்த அலகும் போயிற்று. அந்தப் பெண்ணின் மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூட என்னிடம் விடை இல்லை.

விடைகளைத் திரட்ட எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. ஜப்பானில் ஊதியத்திலிருந்து மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலைவாய்ப்புக் காப்பீடு, வருமான வரி ஆகியவை பிடிக்கப்படும். உள்ளாட்சிக்குச் செலுத்தும் குடியிருப்பு வரி முந்தைய ஆண்டின் வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதால், முதலாண்டில் கண்ணில் படாமல் இரண்டாம் ஆண்டில் வந்து சேரும். ஓய்வூதியப் பிடித்தத்தில் ஒரு பகுதியை, நாடு திரும்பியபின் விண்ணப்பித்து ஒரே தொகையாகப் பெறலாம்.

மூன்றாவது கேள்விதான் முதன்மையானது. ஜப்பான் செல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று, 2017-இல் இந்தியா உடன்பாடு செய்துகொண்ட தொழில்நுட்பப் பயிற்சியாளர் திட்டம். மற்றொன்று, 2021-இல் உடன்பாடான குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர் திட்டம். இரண்டாவதில் அதே துறைக்குள் வேலை கொடுப்பவரை மாற்றிக்கொள்ளலாம். முதலாவதில் பொதுவாக அது இயலாது. இந்தக் குறை பெரிதாகப் பேசப்பட்டதால்தான், பயிற்சியாளர் திட்டத்தைக் கைவிட்டு 2027-க்குள் புதிய முறையைக் கொண்டுவர 2024-இல் ஜப்பான் சட்டம் இயற்றியது. நான் இதையெல்லாம் அறிந்து சொல்வதற்குள் அந்தப் பெண் கையெழுத்திட்டுவிட்டார். அது முதல் வகை ஒப்பந்தம்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இவற்றை அறிந்திருக்க வேண்டியவர் யார்? முகவர் தம் தரகுக்காகப் பேசுவார். மொழிப் பயிற்சி நிலையம் மொழியைக் கற்றுத் தரும். ஜப்பானின் ஊதிய முறை, நிறுவன அமைப்பு, நாணயம், தொழிலாளர் சட்டம் ஆகியவற்றை ஆண்டுதோறும் கவனித்து, நம் மக்களின் நலன் சார்ந்து விளக்க வேண்டிய இடம் பல்கலைக்கழகம். அதற்கு ஜப்பானியப் பொருளாதாரமும் வணிகமும் என்ற பெயரில் நிலையான ஒரு பேராசிரியர் பணியிடம் தேவை. என் பணிக்காலம் முழுவதும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் எதிலும் அப்படி ஒரு பணியிடத்தை நான் கண்டதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஜப்பானியப் படிப்பு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆனால் ஜப்பானிய ஆலைகள் இருப்பது ஓரகடத்தில்.

பிற நாடுகள் என்ன செய்தன? ஜப்பானுக்கு இரும்புத் தாதுவும் நிலக்கரியும் விற்ற ஆஸ்திரேலியா, 1980-இல் தன் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆஸ்திரேலிய-ஜப்பான் ஆய்வு மையத்தை நிறுவியது. வாங்குபவரைப் பற்றி விற்பவர் அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் எளிய நியாயம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் பொருளியல் அறிஞர் ஹியூ பாட்ரிக் 1986-இல் ஜப்பானியப் பொருளாதாரத்துக்கும் வணிகத்துக்குமான மையத்தைத் தொடங்கினார். ஆக்ஸ்போர்டில் நிசான் நிறுவனத்தின் நன்கொடையில் ஜப்பானிய ஆய்வு நிறுவனம் 1981-இல் உருவாயிற்று. மொழி, வரலாறு, அரசியல் ஆகியவற்றோடு பொருளாதாரமும் அங்கே கற்பிக்கப்படுகிறது. இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் நிசான் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1986-இல். அங்கே ஆலைக்கு முன்பே ஆய்வு வந்துவிட்டது. நமக்கு 2010-இல் நிசான் ஆலை வந்தது. ஆய்வு இன்னும் வரவில்லை.

ஜப்பானியர் நம்மைப் படித்த விதத்தையும் பார்க்க வேண்டும். நொபொரு கராஷிமா தமிழ் கற்று, நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்து, சோழர் கால நில உடைமையைப் பற்றி எழுதினார். தஞ்சாவூரில் 1995-இல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது அதை நடத்திய ஆய்வு மன்றத்தின் தலைவர் அவர்தாம். ஹருகா யானகிசாவா என்ற பொருளாதார வரலாற்றறிஞர், 1860-கள் முதல் 1970-கள் வரை தமிழ்நாட்டுப் பாசன நிலங்கள் எந்தச் சாதியாரிடமிருந்து எந்தச் சாதியாருக்குக் கைமாறின என்பதை ஆராய்ந்து நூலே எழுதினார். அவர்களது ஆர்வம் மட்டும் இதற்குக் காரணமன்று. தெற்காசியாவைப் படிப்பதற்கென்றே அங்கே பணியிடங்கள் இருந்தன, நூலகங்கள் இருந்தன, வாழ்நாள் முழுவதும் ஒரே பொருளில் ஆழ்வதற்கு ஊதியம் இருந்தது.

நம்மிடமும் ஜப்பான் மீது வியப்புக்குக் குறைவில்லை. 1892 டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் அமர்ந்திருந்த விவேகானந்தர், ஏழு மாதங்களில் யோகோஹாமாவிலிருந்து சென்னை நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் ஜப்பானுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்ற விருப்பம் அதில் இருக்கிறது. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்ற சுசுமு ஓனோவின் கருத்தை நாம் கொண்டாடினோம். 'முத்து' திரைப்படம் 1998-இல் டோக்கியோவில் ஓடியதையும் கொண்டாடினோம். வியப்பு வேறு, ஆய்வு வேறு.

ஆய்வில்லாத வியப்பு எவ்வளவு காலத்தை விழுங்கும் என்பதற்குத் தரக்கட்டுப்பாட்டின் கதையே சான்று. புள்ளியியல் தரக்கட்டுப்பாட்டின் தந்தை எனப்படும் வால்டர் ஷூஹார்ட், மகலனோபிஸின் அழைப்பில் 1947-48-இல் இந்தியாவுக்கு வந்து விளக்கினார். அவர் வழிவந்த டெமிங் ஜப்பானில் புகழ்பெற்ற சொற்பொழிவுகளை ஆற்றியது 1950-இல். பின்னாளில் ஜப்பானியத் தரப் பொறியியலின் பெரும்பெயரான டகுச்சி, 1954-55-இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தார். அறிவு நம் வாசலுக்குத்தான் முதலில் வந்தது. ஆனால் ஜப்பான் அதைத் தொழிற்கூடத்தின் கடைசித் தொழிலாளி வரை கொண்டுசென்றது. டெமிங் விருதை முதன்முதலில் பெற்ற இந்திய நிறுவனம் சென்னையின் சுந்தரம் கிளேட்டன், ஆண்டு 1998. அதற்கு வழிகாட்டியவர்கள் ஜப்பானியப் பேராசிரியர்கள். நம் வாசலுக்கு வந்த கலையை அரை நூற்றாண்டு கழித்து அவர்களிடமே கற்றோம். அவர்கள் எப்படிச் சாதித்தார்கள் என்பதைத் தொடர்ந்து கவனிக்க ஒரு துறை இருந்திருந்தால், இவ்வளவு காலம் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

ஓரகடத்துக்கு வருவோம். தமிழக அரசு தரவேண்டிய ஊக்கத்தொகை நிலுவையில் உள்ளது என்று கூறி, 2011-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் பொருளாதாரக் கூட்டுறவு உடன்பாட்டின்கீழ் நிசான் சர்வதேச நடுவர் மன்றத்தை அணுகியது. கோரிய தொகை ரூ.5,000 கோடிக்கும் மேல் என்று அன்றைய செய்திகள் கூறின. வழக்கு 2020-இல் சமரசத்தில் முடிந்தது. 2025-இல் அந்த ஆலையில் நிசானுக்கு இருந்த 51 விழுக்காட்டுப் பங்கை ரெனோ வாங்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்களின் வேலையைத் தொடும் முடிவு இது. 2018-இல் கார்லோஸ் கோன் கைதானது முதல் ஹோண்டாவுடனான இணைப்புப் பேச்சு 2025 தொடக்கத்தில் முறிந்தது வரை, அந்த முடிவின் பின்னணி யோகோஹாமாவில் உள்ள தலைமையகத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் விளக்க நம் பல்கலைக்கழகங்களில் ஒருவரும் முன்வரவில்லை.

யென்னின் கதை இன்னும் நெருக்கமானது. 2020-இல் ஒரு யென் சுமார் 70 காசு. 2024 ஜூலையில் சுமார் 52 காசு. அதாவது 2 லட்சம் யென் ஊதியத்தின் ரூபாய் மதிப்பு 1,40,000-லிருந்து 1,04,000-ஆகச் சரிந்தது. வேலை அதே வேலை, உழைப்பு அதே உழைப்பு. வீட்டுக்கு வரும் பணத்தில் மாதம் ரூ.36,000 குறைவு. அதே வேளையில் சென்னை மெட்ரோவுக்காக ஜைகாவிடம் வாங்கிய யென் கடனின் சுமை ரூபாய்க் கணக்கில் இலேசானது. ஒரே வீழ்ச்சி, அரசுக்கு ஆதாயம், பராமரிப்பாளர் குடும்பத்துக்கு இழப்பு. ஜப்பானின் மத்திய வங்கி வட்டியை நெடுங்காலம் ஏன் பூஜ்யத்தை ஒட்டியே வைத்திருந்தது, அதை உயர்த்தினால் என்னவாகும் என்பதெல்லாம் இனி குமரி மாவட்டத்துச் சமையலறைக் கணக்கிலும் சேரும்.

நம் கடற்கரையும் இதில் அடக்கம். 2010-இல் சீனாவுடன் ஏற்பட்ட பிணக்கில் அரியமண் தனிமங்களின் வரத்து தடைப்பட, ஜப்பான் வேறு நாடுகளைத் தேடியது. 2012-இல் இந்தியாவுடன் உடன்பாடு கண்டது. அத்தனிமங்களின் மூலமான மோனசைட் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்க்கிறார்கள். அந்த மணலின் உலகத் தேவை என்ன, விலையைத் தீர்மானிப்பவர் யார் என்பதை அறிந்தபின் விவாதித்தால், எதிர்ப்பவருக்கும் ஆதரிப்பவருக்கும் அது பயன் தரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஜப்பானின் இன்று நம் நாளையாக இருக்கலாம். அங்கே மக்கள்தொகையில் சுமார் 29 விழுக்காட்டினர் 65 வயதைக் கடந்தவர்கள். தமிழ்நாட்டின் கருவள விகிதம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 1.8. மக்கள்தொகையை நிலையாக வைத்திருக்கத் தேவையான 2.1-ஐவிட இது குறைவு. குமரி மாவட்டத்தில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியவர்களை எந்தத் தெருவிலும் காணலாம், நானே ஒருவன். ஜப்பான் 2000-இல் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கி, 40 வயதைக் கடந்த ஒவ்வொருவரிடமும் அதற்கான பங்குத்தொகையைப் பெறுகிறது. அதன் வெற்றி எது, நிதிச் சிக்கல் எது என்பதை நாம் இப்போதே படித்தாக வேண்டும். நம் வீட்டுப் பெண்களை அங்குள்ள முதியோரைப் பராமரிக்க அனுப்பும் நாம், இங்குள்ள முதியோரைப் பராமரிக்கப்போகிறவர் யார் என்று இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். இருக்கும் பணியிடங்களே நிரப்பப்படாமல் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு துறைகள் ஓடுவதை நான் அறிவேன். ஆயினும் ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்டினோம். தமிழக அரசு மட்டும் அதற்கு ரூ.10 கோடி தந்தது. நம்மைப் பிறர் படிப்பதற்கு இருக்கை அமைக்க முடிந்த நமக்கு, பிறரை நாம் படிப்பதற்கு ஓர் இருக்கை அமைக்க முடியாதா? அரசும், இங்கே தொழில் நடத்தும் ஜப்பானிய நிறுவனங்களும், ஜப்பான் அறக்கட்டளை போன்ற அமைப்புகளும் சேர்ந்தால் இது எட்டாத தொகையன்று. ஆனால் பணம் தருபவர் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கவோ, ஆய்வு முடிவில் தலையிடவோ கூடாது. இல்லையெனில் அது விளம்பரப் பிரிவாகிவிடும்.

கொரியாவின் ஹூண்டாய் இங்கே பெரிதாயிற்றே, சீனா அண்டை நாடாயிற்றே, ஜப்பான் ஏன் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு நாட்டை முறையாகப் படிக்கக் கற்றுக்கொண்டால், அடுத்த நாட்டுக்கான இருக்கை எளிதாகும். அடுத்த ஐந்தாண்டுகளில் 50,000 திறன்பெற்ற இந்தியர்களை ஜப்பானுக்கு அனுப்புவது என்று 2025 ஆகஸ்டில் இரு அரசுகளும் திட்டம் வகுத்துள்ளன. எனவே அவசரம் ஜப்பானில்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக, 91.75 விழுக்காட்டு எழுத்தறிவு பெற்ற குமரி மாவட்டத்திலிருந்து செல்வோர் குறைவாக இருக்கப்போவதில்லை. நம் மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் அந்த இருக்கை அமைவது பொருத்தம் என்பேன். ஜப்பானிய மொழியறிவும் பொருளாதாரப் பயிற்சியும் ஒருங்கே பெற்ற ஒருவர். பத்தாண்டுகளுக்கு உறுதியான நிதி. ஆண்டுதோறும் தமிழில் ஓர் அறிக்கை. ஒப்பந்தத்தோடு வருபவருக்குத் திறந்திருக்கும் ஒரு கதவு. தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

அந்தப் பெண் இப்போது ஜப்பானில் இருக்கிறார். வேலை கடினம், இல்லத்தின் முதியவர்கள் அன்பானவர்கள் என்று தந்தையிடம் சொல்கிறாராம். வேறு இல்லத்துக்கு மாற விருப்பம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு எனக்கில்லை. சென்ற மாதம் அவருடைய தோழி ஒருத்தி ஓர் ஒப்பந்தத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். இம்முறை எனக்கு விடை தெரிந்திருந்தது. எத்தனை பேருக்கு ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டுத் திண்ணை போதுமானதாக இருக்கும்?