போனை மாற்றுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்

வாங்கி மூன்று, நான்கு வருடம் ஆன செல்போன்கள் நம் வீடுகளில் ஏராளம். காலையில் நூறு சதவீதம் காட்டிய சார்ஜ் லுஹர் நேரத்துக்குள் இருபதுக்கு வந்துவிடுகிறது. துபாயிலிருந்து மகன் பேசிக்கொண்டிருக்கும்போதே, 30 சதவீதம் இருந்த உம்மாவின் போன் அணைந்துபோகிறது. பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நிற்கிறது. கடையில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் நேரத்தில் திரை கறுத்துவிடுகிறது. "போன் போய்விட்டது, புதுசு வாங்கியாக வேண்டும்" என்று வீட்டில் முடிவாகிறது. கையில் பணம் இல்லாதவர்கள் தவணைக்குப் போகிறார்கள். சில இடங்களில் அது வட்டியிலும் கொண்டுபோய் விடுகிறது.

இப்படிப்பட்ட பல போன்களில் பழுதாகியிருப்பது போன் அல்ல, அதன் பேட்டரி மட்டுமே. புதுப் போனின் விலையில் ஒரு சிறு பகுதிக்குள் அதை மாற்றிவிடலாம். ஆகவே முடிவெடுக்கும் முன் பேட்டரியின் நிலையைச் சோதிப்பது நல்லது. வீட்டிலேயே, செலவில்லாமல் செய்யலாம்.

பேட்டரி ஏன் தளர்கிறது?

போனில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் அடியில் சேறு படிந்தால் தொட்டி நிறைந்தது போலத் தெரியும், ஆனால் உள்ளே தண்ணீர் குறைவாகவே இருக்கும். பேட்டரியின் கொள்ளளவும் இப்படித்தான் குறைகிறது. 100 சதவீதம் என்று திரை காட்டுவது இன்றைய கொள்ளளவில் நூறு. வாங்கிய அன்று இருந்த கொள்ளளவில் அல்ல.

இன்னொன்றும் நடக்கிறது. குழாயில் உப்பு படிந்தால் தொட்டியில் தண்ணீர் இருந்தும் வேகமாக வராது. பழைய பேட்டரிக்குள்ளும் மின்தடை கூடிவிடுகிறது. கேமரா, வீடியோ அழைப்பு என்று போன் ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் கேட்கும்போது பேட்டரியால் கொடுக்க முடிவதில்லை. 30 சதவீதம் இருக்கும்போதே போன் அணைவதற்குக் காரணம் இதுதான்.

பேட்டரியின் வயதை வருடத்தோடு சார்ஜ் சுற்றுகளிலும் கணக்கிடுகிறார்கள். இன்று பாதி, நாளை பாதி என்று மொத்தம் நூறு சதவீதம் செலவானால் அது ஒரு சுற்று. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 சுற்றுக்குப் பிறகும், ஐபோன் 15 முதல் 1000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டிருப்பதாக ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது விதி. தினம் ஒரு சுற்று என்றால் 800 சுற்று என்பது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். எனவே மூன்று வருடப் போன் தளர்வது இயல்புதான்.

போன் மெதுவாவதற்கும் பேட்டரி காரணமாகலாம். பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் திடீரென அணைவதைத் தடுக்க அவற்றின் வேகத்தைக் குறைத்து வந்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டது. பேட்டரியை மாற்றியதும் அந்தப் போன்களுக்குப் பழைய வேகம் திரும்பியது. பேட்டரியின் நிலையைப் பயனாளரே பார்க்கும் வசதி 2018இல் ஐபோனில் வந்தது அதன் பிறகுதான்.

முதலில் பேட்டரி அல்லாத காரணங்கள்

சார்ஜ் ஏறவில்லை என்றால் வேறு கேபிளும் வேறு சார்ஜரும் போட்டுப் பாருங்கள். சட்டைப்பையில் கிடந்து சார்ஜ் துளைக்குள் பஞ்சும் தூசியும் அடைந்திருக்கலாம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். ஊசியோ கம்பியோ வேண்டாம்.

சார்ஜ் வேகமாக இறங்குகிறது என்றால் செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதிக்குப் போங்கள். எந்தச் செயலி எவ்வளவு சார்ஜ் தின்கிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். நீங்கள் திறக்காத விளையாட்டோ, கடன் செயலியோ மேலே இருந்தால் அதை நீக்கிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். சிக்னல் குறைவான வீட்டில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கும். புதிய அப்டேட் போட்ட ஓரிரு நாள் சார்ஜ் கூடுதலாகச் செலவாவதும் உண்டு. இவை எதுவும் இல்லையென்றால் பேட்டரியைச் சோதியுங்கள்.

போனிலேயே பார்ப்பது எப்படி?

ஐபோன்: செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் என்று போனால் "மேக்சிமம் கெபாசிட்டி" என்று ஒரு சதவீதம் இருக்கும். பேட்டரி மிகவும் தளர்ந்திருந்தால் "சர்வீஸ்" என்ற அறிவிப்பும் வரும். ஐபோன் 15 முதலான மாடல்களில் எத்தனை சுற்று ஆகியிருக்கிறது என்பதையும் பார்க்கலாம்.

சாம்சங்: "சாம்சங் மெம்பர்ஸ்" செயலியில் போன் சோதனைப் பகுதி உண்டு. அதில் பேட்டரி ஸ்டேட்டஸைத் தொட்டால் பேட்டரி நன்றாக இருக்கிறதா, தளர்ந்துவிட்டதா என்று சொல்லிவிடும்.

மற்ற ஆண்ட்ராய்டு போன்கள்: புதிய மாடல்கள் சிலவற்றில் செட்டிங்ஸின் பேட்டரிப் பகுதியிலேயே "பேட்டரி ஹெல்த்" இருக்கிறது. சிலவற்றில் "அபவுட் போன்" பகுதியில் சுற்றுகளின் எண்ணிக்கை இருக்கும். டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்தால் பேட்டரித் தகவல் வரும் என்று பலரும் சொல்வார்கள். பல போன்களில் அது இப்போது வருவதில்லை. வந்தாலும் அதில் காணும் "குட்" என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். வெப்பம், மின்னழுத்தம் போன்றவற்றில் கோளாறு இல்லை என்பதையே அது சொல்கிறது. கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்வதில்லை.

"அக்குபேட்டரி" என்ற செயலி ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் அளந்து கொள்ளளவை மதிப்பிடும். 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 3900 என்று அது காட்டினால் 78 சதவீதம் மிச்சம் என்று பொருள். ஒரே நாளில் காட்டுவதை வைத்து முடிவு செய்யாமல் ஒன்றிரண்டு வாரம் ஓடவிடுங்கள். எந்தச் செயலியானாலும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே எடுங்கள். பேட்டரியை அளக்க உங்கள் எஸ்எம்எஸ்ஸும் தொடர்பு எண்களும் தேவையில்லை. அவற்றைக் கேட்கும் "பேட்டரி டாக்டர்" வகைச் செயலிகளை உடனே நீக்குங்கள். தளர்ந்த பேட்டரியை எந்தச் செயலியாலும் புதிதாக்க முடியாது.

காகிதமும் பேனாவும் போதும்

எந்த வசதியும் இல்லாத போனுக்கு இந்தச் சோதனை. நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றுங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டு, வெளிச்சத்தைப் பாதியளவில் வைத்து, ஏற்கனவே பதிவிறக்கிய ஒரு வீடியோவை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். எத்தனை சதவீதம் இறங்கியது என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் அதே வீடியோவை அதே வெளிச்சத்தில் ஓட்டி எழுதுங்கள். இறக்கம் கூடிக்கொண்டே போனால் பேட்டரி தளர்கிறது.

சோதனையே இல்லாமல் தெரியும் அடையாளங்களும் உண்டு: 40 சதவீதம் ஒரே நிமிடத்தில் 15 ஆவது, 20, 30 சதவீதத்தில் அணைந்து, சார்ஜரைச் செருகியதும் மீண்டும் அதே சதவீதம் காட்டுவது, மிக விரைவில் நூறு ஏறி அதே விரைவில் இறங்குவது.

வீங்கிய பேட்டரி: இதில் தாமதம் கூடாது

போனின் கவரைக் கழற்றிவிட்டு, அதைச் சமமான மேசையில் வைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கிறதா? பின்மூடியில் இடைவெளி தெரிகிறதா? அப்படியென்றால் உள்ளே வாயு உருவாகிப் பேட்டரி வீங்கியிருக்கக்கூடும்.

அந்தப் போனை அன்றே நிறுத்திவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள். அழுத்தி மூடவோ, குத்தி வாயுவை எடுக்கவோ முயலாதீர்கள், குத்தினால் தீப்பிடிக்கும். அணைத்துவிட்டு, துணி, காகிதம், கேஸ் அடுப்பு ஆகியவற்றிலிருந்து தள்ளி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். புகை வந்தால் கையில் எடுக்காமல் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112க்கு அழையுங்கள். பேட்டரிகள் தீப்பிடித்ததால் 2016இல் சாம்சங் நிறுவனம் தனது கேலக்ஸி நோட் 7 போன்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்று உற்பத்தியையே நிறுத்தியது. தலையணைக்கு அடியில் போனை வைத்து சார்ஜ் போடும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

மாற்றலாமா, வேண்டாமா?

90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பேட்டரி மீது குற்றமில்லை. வேறு காரணத்தைத் தேடுங்கள். 80க்கும் 90க்கும் இடையில் இருந்தால், அன்றாட வேலை நடக்கிறவரை ஓட்டலாம். 80க்குக் கீழே போய், மேலே சொன்ன அடையாளங்களும் இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், அவசரத்துக்கு அழைக்க அந்த ஒரு போன்தான் என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மாற்றுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். செட்டிங்ஸில் "செக்யூரிட்டி அப்டேட்" தேதி இருக்கும். அது பல வருடம் பழையதாகி, வங்கிச் செயலியும் இந்தப் போனில் இயங்காது என்று சொல்லிவிட்டால், அதில் புதிய பேட்டரி போடுவது வீண்செலவு. அப்டேட் இன்னும் வருகிறது, திரையும் நன்றாக இருக்கிறது என்றால் பேட்டரி மாற்றினாலே இன்னும் இரண்டு வருடம் ஓட வாய்ப்புண்டு.

கடையில் கவனிக்க வேண்டியவை

முதலில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் விலை கேளுங்கள். வெளிக்கடையில் மாற்றுவதானால் பேட்டரியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே போடச் சொல்லுங்கள். இந்தியாவில் விற்கும் இத்தகைய பேட்டரிகளுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம்; தரக்குறியீடு ஐஎஸ் 16046. பேட்டரியின் மேல் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். "பிஐஎஸ் கேர்" செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். எண் இல்லாத பேட்டரியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பில்லும் வாரண்டியும் எழுத்தில் கேளுங்கள். பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டுப் பெண்களின் போனைக் கடையில் விட்டுவிட்டு வருவது பலருக்கும் கவலை. நியாயமான கவலைதான். புகைப்படங்களை வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்ற லாக் எண் தேவையில்லை, கேட்டாலும் கொடுக்காதீர்கள். முடிந்தால் உடன் இருந்து வாங்கி வாருங்கள். சாம்சங்கின் புதிய மாடல்களில் "மெயின்டனன்ஸ் மோட்" என்ற வசதி உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் படங்களும் செய்திகளும் பழுதுபார்ப்பவர் கண்ணில் படாது.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிடுங்கள்.

பழைய போனை வாங்குபவரும் விற்பவரும்

பழைய போன் வாங்கும்போது விலை பேசும் முன் மேலே சொன்ன சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். விற்பவர் பேட்டரியின் நிலையைத் தானே சொல்லிவிட வேண்டும். குறையை மறைத்து விற்பது நம் வியாபாரத்துக்கு ஆகாது என்பது தெரிந்ததே. "பேட்டரி 76 சதவீதம், மாற்ற வேண்டியிருக்கும்" என்று சொல்லி விலையில் குறைத்துக் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

இருக்கிற பேட்டரியைக் காப்பாற்ற

பேட்டரிக்கு முதல் எதிரி வெப்பம். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தவும், 45 டிகிரிக்கு மேல் வைக்காதிருக்கவும் ஆப்பிள் சொல்கிறது. வெயிலில் நிற்கும் காரின் உள்ளே, வளைகுடா நாடுகளில் மட்டுமல்ல, நம் ஊர் சித்திரையிலும் 45 டிகிரி எளிதில் தாண்டிவிடும். சார்ஜ் ஏறும்போது கேம் விளையாட வேண்டாம். போன் சுட்டால் கவரைக் கழற்றுங்கள்.

முழுவதும் இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. லித்தியத்துக்கு அது கெடுதல். 20க்குக் கீழே போகவிடாமல், அன்றாடம் 80 வரை ஏற்றினால் போதும். 80இல் தானாக நிறுத்தும் வசதி பல புதிய போன்களில் இருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவர்களுக்காக எடுத்து வைக்கும் உபரி போனைப் பாதிச் சார்ஜில் அணைத்து வையுங்கள்.

இந்த வாரம் வீட்டில் உள்ள எல்லாப் போன்களையும் ஒருமுறை மேசையில் வைத்துப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, தனக்குப் போதும் என்று பழைய போனையே வைத்துக்கொண்டிருக்கும் உம்மா, வாப்பாவின் போனை.