கிட் வந்தாச்சு... கிரவுண்ட் எங்கே? ஊருக்கு ஒரு மைதானம் கிடைக்க ஏன் இவ்வளவு லேட்?

2024-ல் தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளுக்குக் 'கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட்' வந்தது. கிரிக்கெட் மட்டை, வாலிபால், கேரம் என்று பெட்டி நிறையப் பொருட்கள். 234 தொகுதிகளிலும் சிறு விளையாட்டரங்கம் என்ற அறிவிப்பும் இருக்கிறது. ஆனால் பல ஊர்ப் பசங்களுக்கு இன்னும் கிரவுண்ட் என்றால் அது வறண்டு கிடக்கும் ஏரிதான். மழை வந்தால் சீசன் ஓவர்!

பணம் ஒதுக்கினாலும் மைதானம் வராமல் போவது ஏன்? பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று இடம், இன்னொன்று அந்த இடத்துக்குப் போகும் பாதை.

ஊரில் இவ்வளவு புறம்போக்கு இருக்கே, அதைக் கொடுத்தால் என்ன?

காலியாகத் தெரியும் எல்லா இடமும் கொடுக்கக்கூடிய இடம் கிடையாது. வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

* ஏரி, குளம், ஓடை: நீர்நிலைப் புறம்போக்கு. ஆண்டு முழுக்க வறண்டு கிடந்தாலும் கட்டுமானத்துக்குக் கிடைக்காது. ஊர்ப் பொது நிலங்களைப் பாதுகாக்கச் சொல்லி 2011-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் கண்டிப்பான தீர்ப்பு கொடுத்திருக்கிறது.
* மேய்க்கால்: ஆடு, மாடு மேய ஒதுக்கியது. வகைப்பாட்டை மாற்ற வேண்டுமென்றால், பொதுவாக அதே அளவுக்கு மாற்று இடம் காட்டச் சொல்வார்கள்.
* தரிசு: இதுதான் ஓரளவு சுலபம். ஆனால் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தரிசுக்குப் பள்ளி, அங்கன்வாடி, வீட்டுமனைப் பட்டா என்று போட்டி அதிகம்.

சரி, இடம் கிடைச்சாச்சு. அப்புறம் என்ன?

கோப்பு நடக்கத் தொடங்கும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், சர்வேயர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர்... ஒவ்வொரு மேசையிலும் ஓர் அறிக்கை. நடுவில் ஓர் அதிகாரிக்கு இடமாறுதல் வந்தால், புதியவர் மறுபடியும் இடத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆக்கிரமிப்பு இருந்தால் இன்னும் இழுக்கும். 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பதில் கேட்க வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. யாராவது கோர்ட்டில் தடை வாங்கிவிட்டால், கோப்பு அங்கேயே நிற்கும்.

தனியார் நிலத்தை அரசு எடுக்க முடியாதா?

முடியும். 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், விளையாட்டுத் திட்டங்களையும் 'பொது நோக்கம்' பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கு 6 மாதம், முதல் அறிவிப்பிலிருந்து இறுதி அறிவிப்புக்கு 12 மாதம், அதன் பிறகு இழப்பீட்டுத் தீர்வத்துக்கு 12 மாதம் வரை அவகாசம் உண்டு. நிலம் கொடுப்பவரின் உரிமைக்கு இந்தப் படிகள் அவசியம்தான். ஆனால் இன்று 9-ம் வகுப்பு படிக்கும் பொண்ணு, மைதானம் வரும்போது ஸ்கூலையே முடித்திருப்பாள்.

பாதைதான் ட்விஸ்ட்!

ஒரு ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடம் கிடைத்து, சமன் செய்து, கோல்போஸ்ட்டும் நட்டாச்சு. ஆனால் மெயின் ரோட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒருவரின் பட்டா நிலம். "பசங்க தானே, போகட்டும்" என்று பெரியவர் சொன்னார். அவர் காலத்துக்குப் பிறகு நிலம் கைமாறுகிறது. புது ஓனர் வேலி போடுகிறார். மைதானம் இருக்கிறது, போக வழியில்லை.

20 வருஷம் நடந்த பாதைக்கு உரிமை கிடையாதா என்று கேட்கலாம். 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அனுமதி வாங்கி நடந்தது இந்தக் கணக்கில் வராது, உரிமையாக நடந்திருக்க வேண்டும். அதையும் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும்.

இதில் அதிகம் அடிபடுவது பெண் பிள்ளைகள்தான். பசங்க வரப்பில் குதித்துப் போய்விடுவார்கள். வெளிச்சமும் ஒழுங்கான பாதையும் இல்லாத இடத்துக்குச் சாயங்காலம் மகளை அனுப்ப எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? அவசரத்துக்கு ஆம்புலன்ஸ்கூட வர முடியாது.

நகரத்தில்?

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10% இடத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். நம்ம ஏரியாவில் அந்த 10% எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-லேயே பெங்களூரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நாம என்ன செய்யலாம்?

1. அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்தில் 'அ' பதிவேடு, புலப்படம் இரண்டையும் பாருங்கள். படத்தில் 'வண்டிப்பாதை' இருந்தால் ஜாக்பாட். அது 'அ' பதிவேட்டிலும் புறம்போக்கு என்று இருந்தால் அரசு நிலம், ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி மனு கொடுக்கலாம்.
2. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 வாய்ப்பு. தீர்மானத்தில் மைதானத்தின் சர்வே எண்ணோடு பாதையின் சர்வே எண்ணும் கண்டிப்பாக இருக்கட்டும்.
3. பாதைக்கு இடம் தர யாராவது முன்வந்தால், வாய்வார்த்தையோடு விடாதீர்கள். ஊராட்சி பெயரில் தானப் பத்திரம் பதிவு செய்யுங்கள்.
4. கோப்பு நின்றுவிட்டால் ஆர்டிஐ போடுங்கள். எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.
5. சின்னதாகத் தொடங்குங்கள். கால்பந்து மைதானத்துக்குக் கிட்டத்தட்ட 1¾ ஏக்கர் வேண்டும். ஆனால் 13 மீட்டருக்கு 10 மீட்டர் கபடிக் களத்துக்கு மூணே கால் சென்ட் போதும். வாலிபாலுக்கு 4 சென்ட். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டால்கூட 10 சென்ட்டுக்குள் முடியும்.

பெரிய மைதானத்துக்கான கோப்பு நகரும்போது நகரட்டும். அதுவரை அந்த 10 சென்ட்டிலாவது விசில் சத்தம் கேட்கட்டும். அடுத்த கிராம சபை எப்போ? இப்பவே காலண்டரில் குறிச்சு வைங்க.