கொண்டைக் குருவிகளும் பொரிக்காத முட்டைகளும்

எங்கள் வீடு ஹட்டன் நகரில், வாப்பாவின் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பின்பக்க யன்னலைத் திறந்தால் தேயிலை மலை தெரியும். அந்த யன்னலோரத்தில்தான் என்னுடைய ஸீப்ரா ஃபிஞ்ச் குருவிகளின் கூடுகள் இருக்கின்றன. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்த மாதங்களில் நானா கண்டியிலிருந்து ஒரு சோடி வாங்கி வந்து தந்தார். இரண்டின் தலையிலும் சிறிய பூப்போலக் கொண்டை இருந்தது. அந்தக் கொண்டைக்காகவே சாதாரண சோடியைவிடக் கூடிய விலை கொடுத்திருந்தார்.

பேடு முதல் தடவை 5 முட்டை இட்டது. 4 பொரித்தன, ஒன்று பொரிக்கவில்லை. இரண்டாம் தடவையும் 5 முட்டை. அதில் 3 மட்டுமே பொரித்தன. உம்மா, "ஹட்டன் குளிருக்கு மனிசருக்கே ஏலா, இந்தப் பிஞ்சு உசிருக்கு எப்படி ஏலும்?" என்றார். நான் கூட்டைச் சாக்கால் மூடினேன், இரவில் ஒரு மின்குமிழும் எரியவிட்டேன். மூன்றாம் தடவை இட்ட முட்டைகளைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது உள்ளே மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிந்தன. ஐந்திலும் உயிர் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அதிலும் ஒன்று வளர்ச்சி நின்று இறந்துபோனது. மொத்தம் 15 முட்டைகளில் 4 வீணாகிவிட்டன.

காரணம் குளிர் மட்டும்தானா என்ற சந்தேகம் எனக்கு உயர்தர உயிரியல் வகுப்பில்தான் வந்தது. மிஸ் பிறப்புரிமையியல் பாடத்தில் மஞ்சள் எலிகளைப் பற்றிச் சொன்னார். 1905ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூசியன் குவேனோ மஞ்சள் நிற எலிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தார். மெண்டலின் விதிப்படி 3:1 என்ற விகிதம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு 2:1 என்றே வந்தது. 1910இல் அமெரிக்காவைச் சேர்ந்த காஸில், லிட்டில் ஆகிய இருவரும் இதற்கு விளக்கம் தந்தார்கள். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் மஞ்சள் பரம்பரையலகைப் பெறும் முளையம் பிறக்குமுன்பே இறந்துவிடுகிறது. ஒன்று இருந்தால் அழகான நிறம், இரண்டு சேர்ந்தால் மரணம். இதைத்தான் கொல்லும் பரம்பரையலகு என்கிறோம்.

அன்று பாடசாலை விட்டு வந்ததும் என் கொப்பியில் அதே கட்டத்தைக் கொண்டைக் குருவிக்காக வரைந்தேன். ஸீப்ரா ஃபிஞ்சில் கொண்டை ஓர் ஆட்சியான விகாரம். ஒரு பரம்பரையலகு இருந்தாலே கொண்டை வரும். இரண்டு சேர்ந்தால் அந்தக் குஞ்சு பிழைப்பதில்லை. ஆகவே உயிரோடு இருக்கும் எந்தக் கொண்டைக் குருவியிடமும் அந்தப் பரம்பரையலகு ஒன்றுதான் இருக்கும்.

இப்போது 100 முட்டைகள் என்று வைத்துக் கணக்கிடுவோம். இரண்டு கொண்டைக் குருவிகளைச் சோடி சேர்த்தால் ஏறத்தாழ 50 கொண்டைக் குஞ்சுகளும் 25 கொண்டையில்லாக் குஞ்சுகளும் கிடைக்கும், 25 இறந்துபோகும். ஒரு கொண்டைக் குருவியை ஒரு சாதாரணக் குருவியோடு சேர்த்தால் 50 கொண்டையுள்ளவை, 50 கொண்டையில்லாதவை. பரம்பரையலகு காரணமாக ஒன்றுகூட இறக்காது. இரண்டு வழியிலும் கிடைக்கும் கொண்டைக் குஞ்சுகள் அதே 50தான் என்பதைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் கொண்டை வேண்டும் என்ற என் ஆசையால் கூடுதலாக ஒரு கொண்டைக் குஞ்சுகூட வரவில்லை. 25 உயிர்தான் போகிறது. கனேரிப் பறவைகளிலும் பெங்காலீஸ் ஃபிஞ்சிலும்கூட அனுபவமுள்ளவர்கள் கொண்டையோடு கொண்டையைச் சேர்ப்பதில்லை.

15 முட்டைகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். குளிரும் முட்டையைக் கெடுக்கும். உம்மா சொன்னதும் முற்றிலும் பிழையல்ல. ஆனாலும் நான் அந்தச் சோடியைப் பிரித்து, இரண்டுக்கும் கொண்டையில்லாத சாம்பல் நிறத் துணைகளைக் கொடுத்தேன். அதன்பின் இரு கூடுகளிலும் இட்ட 9 முட்டைகளில் 8 பொரித்தன. மற்றது கருக்கட்டாத முட்டை.

எல்லா நிறமும் கொண்டையைப் போல ஆட்சியானதல்ல. வெள்ளை நிறம் பின்னிடைவானது. ஒரு குருவி வெளியே சாம்பலாக இருந்துகொண்டே உள்ளே வெள்ளைக்குரிய பரம்பரையலகைச் சுமக்கலாம். வளர்ப்பவர்கள் இப்படிப்பட்ட குருவியை "ஸ்பிளிட்" என்பார்கள். இரண்டு ஸ்பிளிட்கள் சோடி சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு குஞ்சுகள் வெள்ளையாகும். வெள்ளை நிறம் உயிரைக் கொல்வதில்லை. ஆனால் வெள்ளை வேண்டும் என்பதற்காக ஒரே கூட்டில் பிறந்த சகோதரங்களையே திரும்பத் திரும்பச் சோடி சேர்க்கும்போதுதான் ஆபத்து வருகிறது. மறைந்திருந்த வேறு குறைகளும் இரண்டிரண்டாகச் சேர்ந்து வெளியே வருகின்றன. குஞ்சுகள் சிறுத்தும் பலவீனமாகவும் போகின்றன. இடையிடையே வேறு இடத்திலிருந்து வந்த திடமான சாம்பல் குருவியோடு வெள்ளைக் குருவியைச் சேர்க்க வேண்டும். அந்தத் தலைமுறையில் வெள்ளை கண்ணுக்குத் தெரியாது, அடுத்த தலைமுறையில் திரும்பி வரும். பொறுமைதான் தேவை.

இளம் பழுப்பு நிறம் இன்னொரு வகை. அது இலிங்கமிணைந்தது. மனிதரில் ஆணுக்கு எக்ஸ், வை என்று வேறுபட்ட நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. பறவைகளில் இது மாறி, பேட்டுக்குத்தான் வேறுபட்ட இரண்டு. அதனால் மகள் குருவி இந்த நிறத்தைத் தந்தையிடமிருந்து மட்டுமே பெறுகிறது. பழுப்பு ஆணைச் சாம்பல் பேட்டோடு சேர்த்தால் பிறக்கும் பேடுகள் எல்லாம் பழுப்பு, ஆண்கள் எல்லாம் சாம்பல். ஆண்களின் கன்னத்தில் செம்மஞ்சள் வருவதற்கு முன்பே, இறகைப் பார்த்து எது ஆண், எது பேடு என்று சொல்லிவிடலாம். இதை நான் தம்பிக்குச் சொன்னபோது அவன் மந்திரம் என்றே நினைத்தான்.

சோடி சேர்க்க விரும்பும் தங்கைமாருக்கு நான் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்:

1. ஒவ்வொரு குருவிக்கும் தாய், தந்தை, பொரித்த திகதி ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

2. கொண்டையோடு கொண்டையைச் சேர்க்காதீர்கள். சகோதரங்களையும் சேர்க்காதீர்கள்.

3. மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். ஆனாலும் பேட்டுக்கு ஒன்பது மாதமாவது ஆகும்வரை கூடுகட்ட இடம் கொடுக்காதீர்கள்.

4. கணவாய் ஓடு எப்போதும் கூட்டில் இருக்கட்டும். சுண்ணாம்புச்சத்துக் குறைந்தால், குளிர் நாளில் முட்டை உள்ளே தங்கிப் பேடு இறந்துவிடக்கூடும்.

5. வருடத்தில் இரண்டு, மூன்று தடவைக்கு மேல் குஞ்சு எடுக்காதீர்கள். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நான் கூடுப்பெட்டியையே கழற்றிவிடுவேன்.

யன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகளுக்கிடையில் காட்டுச் சில்லைகள் புல் விதை தின்ன வருகின்றன. எங்கள் மலைச் சில்லைக்கு, இலங்கையில் பிறந்து இந்நாட்டு விலங்குகளைப் பற்றி 1852இல் நூல் எழுதிய மருத்துவர் கெலார்ட்டின் பெயரையே விஞ்ஞானிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் எது எதோடு சேர வேண்டும் என்று யாரும் முடிவு செய்வதில்லை. கூட்டில் இருப்பவற்றுக்கு அந்த முடிவை நாம் எடுக்கிறோம். "அடச்சி வெச்ச உசிரு அமானிதம், மகள்" என்று வாப்பா சொல்வதன் கருத்து எனக்கு அந்த 4 முட்டைகளோடுதான் புரிந்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பறவையையும் மனிதரையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். வகுப்பில் ஸ்பிளிட் குருவியை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அடுத்த பக்கத்திலேயே தலசீமியா வந்தது. தலசீமியாப் பரம்பரையலகு ஒன்றைச் சுமப்பவர் சுகமாகவே இருப்பார், பார்த்து அறிய முடியாது. அப்படிப்பட்ட இருவர் மணமுடித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் அந்நோய் வரலாம். கடுமையான நோயென்றால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டிவரும். நெருங்கிய சொந்தத்துக்குள் மணம் முடிக்கும்போது இருவரும் ஒரே குறையைச் சுமப்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது. திருமணத்துக்கு முன்பே ஓர் இரத்தப் பரிசோதனையில் இதை அறிந்துகொள்ளலாம். இந்நோய்க்கென்றே குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. மாப்பிள்ளையின் படிப்பையும் தொழிலையும் விசாரிக்கும் நாம் இதையும் விசாரிப்பதில் வெட்கமில்லை.

நான் இதை எழுதும்போது கீழ்க்கூட்டில் கொண்டைப் பேடு அடையில் இருக்கிறது. இன்று பதினோராம் நாள். இன்ஷா அல்லாஹ், இதழ் உங்கள் கைக்கு வரும்போது அந்தக் குஞ்சுகள் பறந்துகொண்டிருக்கும். அவற்றில் எத்தனைக்குக் கொண்டை என்று என்னிடம் கேளுங்கள். அதற்கு முன் எத்தனை பொரித்தன என்று கேட்டால் இன்னும் சந்தோஷப்படுவேன்.